மடிப்புக் கமராவும் அகல்காட்சிப் படமும்

ஒரு கருவி பழுதுற்றுப் பயனற்றுப்போவது ஒரு வகை. கருவி நன்னிலையில் இருக்கவும், அது உண்ணும் பொருள் உலகில் அற்றுப்போனமையாற் பயனற்றுப்போவது மற்றொரு வகை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் பெருவழக்காயிருந்த மடிப்புக் கமராக்களுட் பல இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தன. அவற்றின் பேழை உடையவில்லை, வில்லை மங்கவில்லை, ஆயினும் அவற்றுக்கென அளந்து செய்யப்பட்ட படச்சுருளைப் பெருந்தொழிற்சாலைகள் செய்யாது நிறுத்திவிட்டன. இங்ஙனம் வாயடைத்துப்போன கமராக்களைச் சிறிது மாற்றியமைத்து, நீண்டு அகன்ற காட்சிகளை ஒரே படத்தில் எடுக்குங் கருவிகளாக்கும் கைவினை ஒன்று ஒளிப்பட ஆர்வலரிடையே நிலவுகின்றது. அக்கைவினையின் இயல்பையும், அதற்கு அடிப்படையான ஒளியியலையும் ஈண்டு நோக்குவோம்.

மடிப்புக் கமரா என்பது ஒரு தட்டையான பேழை. அதன் முன்கதவைத் திறந்தால் அக்கதவே ஒரு மேடைபோல முன்னோக்கி நீண்டு நிற்கும். மேடைமீதுள்ள தடத்தில், வில்லையைத் தாங்கிய முகப்பை இழுத்து நிறுத்துவர். முகப்பையும் பேழையையும் இணைப்பது தோலாலோ துணியாலோ ஆன துருத்தி. கொல்லனுலைத் துருத்தி காற்றை அடைத்து வைப்பதுபோல இது இருளை அடைத்து வைத்திருக்கின்றது. பேழையின் இரு அந்தங்களிலும் ஸ்பூல் எனப்படும் சுருட்கட்டைகளுக்குரிய அறைகள் உள்ளன. ஒன்றிலுள்ள படச்சுருள் நடுவாயிலைக் கடந்து மற்றையதிற் சென்று சுற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் முகப்பை உள்ளே தள்ளிக் கதவை மூடினால் முழுக் கருவியும் ஒரு தடித்த நூலின் அளவிற்கு ஒடுங்கிவிடும்.

இவ்வகையிற் புகழ்பெற்றது கொடக் கம்பனியார் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட 3ஏ என்னும் கமரா. அஞ்சலட்டை அளவிற் படமெடுப்பதே அதன் நோக்கம். அதற்கெனச் செய்யப்பட்ட 122 என்னும் இலக்கமுடைய படச்சுருளில் ஒரு படம் 3¼ அங்குல உயரமும் 5½ அங்குல நீளமும் உடையதாயிருந்தது. அதனிற் சிறியதாகிய 116ஆம் இலக்கச் சுருள் 2½ அங்குலத்துக்கு 4¼ அங்குலப் படம் தந்தது. இவற்றுள் 122 என்பது 1971ஆம் ஆண்டிலும், 116 என்பது 1984ஆம் ஆண்டிலும் நிறுத்தப்பட்டன. ஆனால் 1901ஆம் ஆண்டிற் சிறுவருக்கான மலிவான பிரௌனி கமரா ஒன்றுக்காகத் தோன்றிய 120ஆம் இலக்கச் சுருளோ இன்றும் பல நாடுகளிற் செய்யப்பட்டு விற்கப்படுகின்றது. பெரியோருடைய கமராவுக்கு உரியது மறையச் சிறுவருடைய கமராவுக்கு உரியது நிலைத்தமை ஒரு வேடிக்கையே. இந்த 120 சுருளின் படவுயரம் ஏறத்தாழ 56 மில்லிமீற்றர் மட்டுமே. அஃதாவது, 3ஏ கமராவின் வாயிலை நீளத்தில் நிரப்ப அதனால் இயலும். உயரத்தில் நிரப்ப இயலாது. இக்குறைபாட்டிலேதான் நாம் பேசும் கைவினை பிறக்கின்றது. உயரங் குறைந்து நீளங் குறையாத படம் அகல்காட்சிப் படமன்றோ?

இவ்வினாவிற்கு 'ஆம்' என விடை கூறுமுன் சிறிது நிதானிக்க வேண்டும். அகல்காட்சி, அஃதாவது பனோரமா, என்னும் எண்ணம் ஒளிப்படக் கலையிலும் மூத்தது. றொபேட் பாக்கர் என்னும் ஓவியர் 1787ஆம் ஆண்டில் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். பார்ப்போன் நடுவே நிற்க, அவனைச் சுற்றி வட்டச் சுவரில் ஒரு நகரம் முழுவதும் தீட்டப்பட்டிருக்கும். 1793ஆம் ஆண்டில் இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் இதற்கெனவே ஒரு வட்டமண்டபம் திறக்கப்பட்டது. அங்கு மக்கள் கண்டு வியந்தது படத்தின் நீளத்தையன்று, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் முடியாத பார்வையின் விரிவையே. ஒளிப்படக்காரரும் இவ்விரிவையே நாடினர். பிரெட்ரிக் பொன் மார்ட்டென்ஸ் என்பவர் 1845ஆம் ஆண்டளவில், வில்லை ஒருபுறமிருந்து மறுபுறம் சுழலும் கமரா ஒன்றைச் செய்து, வளைந்த உலோகத் தகட்டில் பாரிஸ் நகரை ஏறத்தாழ 150 பாகை விரிவிற் பதித்தார். கொடக் கம்பனியார் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட 4ஆம் இலக்கப் பனோரம் கமராவும் சுழல்வில்லை உடையதே. அது 142 பாகைக் காட்சியை 3½ அங்குலத்துக்கு 12 அங்குலப் படமாகத் தந்தது. முதலாம் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் நாட்டுக் கலைஞர் யோசெப் சுடெக், இத்தகைய பழைய பனோரம் கமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிராக் நகர் முழுதும் நடந்தார். அவ்வாறு எடுத்த படங்களுள் 284 அடங்கிய நூல் 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்பொழுது அக்கமராவின் வயது அரை நூற்றாண்டிற்கு மேல்.

இன்னுமொரு வகை, 1904ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்ற சேர்க்கட் கமரா. இதில் வில்லை மட்டுமன்றிக் கமரா முழுவதுமே முக்காலியின்மேற் சுழலும். படச்சுருள் ஒரு நுண்பிளவைக் கடந்து எதிர்த்திசையில் ஓடும். பெரும் பாடசாலைக் குழுப்படங்கள் பல இதனால் எடுக்கப்பட்டன. கமரா மெல்லச் சுழலும்போது, முதலில் இடக்கோடியில் நின்ற மாணவன் ஒருவன் பின்புறமாக ஓடி வலக்கோடியிலும் போய் நின்றுகொண்டால், ஒரே படத்தில் இருமுறை தோன்றலாம். மேனாட்டுக் கல்லூரிகளில் இக்குறும்பு வழிவழியாக நிகழ்ந்ததுண்டு. மாணவரை நேர்வரிசையில் நிறுத்தினால் படத்தில் வரிசை வளைந்து காணப்படும். ஆதலின் கமராவைச் சூழ வில்லைப்போல வளைத்து நிறுத்துவர். சுழல்கமராவின் பண்பே இது. நேர்கோட்டை வளைக்கும், ஆயினும் எம்முகத்தையும் கொழுக்கச் செய்யாது.

மடிப்புக் கமராவில் வில்லை சுழல்வதில்லை; படச்சுருள் வளைவதில்லை. ஆகவே அதிலிருந்து பெறும் படம் தட்டைத்தள அகல்காட்சி எனப்படும். இவ்வகையிற் புதிதாகச் செய்யப்பட்ட கமராக்களும் உள. ஜேர்மனியில் லின்கொவ் கம்பனியார் 1976ஆம் ஆண்டிலும், யப்பானிற் பியூஜி கம்பனியார் 1983ஆம் ஆண்டிலும் 120 சுருளில் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் நீளப் படம் எடுக்குங் கமராக்களை வெளியிட்டனர். அவற்றின் விலை தொழின்முறை ஒளிப்படக்காரரையும் தயங்கச் செய்தது. பழைய மடிப்புக் கமராவை நாடி ஆர்வலர் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, மாற்றும் முறையைக் காண்போம். முதலாவது படி படச்சுருளைப் பொருத்துதல். 120 சுருட்கட்டை 122க்குரிய அறையிலுங் குட்டையானது. இரு முனைகளிலும் மரத்தாலோ உலோகத்தாலோ துண்டுகள் வைத்து, சுருள் அறையின் நடுவில் நிற்குமாறு செய்தல் வேண்டும். சுற்றுந் திருகு எதிர்முனையிலுள்ள பிளவைப் பற்றிக்கொள்ளுமாறு ஒரு துண்டை அரத்தால் அராவி அமைப்பர். இரண்டாவது படி வாயிலைக் குறுக்குதல். 83 மில்லிமீற்றர் உயரமுள்ள வாயிலின் குறுக்கே 61 மில்லிமீற்றர் அகலச் சுருளை விட்டால் அதன் விளிம்புகளுக்குத் தாங்கலில்லை. சுருள் நடுவிற் குழிந்துவிடும். ஆகவே 56 மில்லிமீற்றர் உயரத் திறப்புடைய மெல்லிய தகடொன்றை வாயிலிற் பதித்து, அதன் இரு கரைகளிலும் சுருள் வழுக்கிச் செல்லத் தடம் அமைத்தல் வேண்டும். பழைய கமராக்கள் சிலவற்றிற் சுருளைப் பின்னிருந்து அழுத்துந் தகடு இல்லை. அவற்றுக்கு அதனையும் செய்து வைப்பது நலம்.

இங்கு எத்துணை நுட்பம் வேண்டும்? ஒளியியல் ஒரு நல்ல செய்தி கூறுகின்றது. படத்தளம் முன்பின்னாக விலகக்கூடிய எல்லை, வில்லைத் துவாரத்தின் எஃப் எண்ணையும், பொறுக்கத்தக்க மங்கற்புள்ளியின் விட்டத்தையும் பெருக்கி இருமடங்காக்க வருவது. மங்கற்புள்ளியை 0.05 மில்லிமீற்றர் எனக் கொண்டால், எஃப் 16இல் அவ்வெல்லை 1.6 மில்லிமீற்றர் ஆகும். ஒரு தச்சன் தன் பட்டறையிற் பேணக்கூடிய நுட்பமே இது. துவாரத்தை எஃப் 7.7க்குத் திறந்தாலோ அது பாதிக்குக் கீழே சுருங்கிவிடும். கைவேலைக் கமராக்காரர் சிறுதுவாரத்தை விரும்புவதன் இரகசியம் இதுவே.

மூன்றாவது படி எண் பார்த்தல். மடிப்புக் கமராவின் பின்புறத்தில் ஒரு சிறு சிவப்புச் சாளரம் உண்டு. சுருளோடு ஒட்டிவரும் பின்தாளில் அச்சிட்ட எண்களை அதனூடாகப் பார்த்துச் சுற்றுவர். 120 சுருளின் பின்தாளில் மூன்று எண்வரிசைகள் உள: எட்டுப் படத்துக்குரியது ஒன்று, பன்னிரண்டு படத்துக்குரியது ஒன்று, பதினாறு படத்துக்குரியது ஒன்று. பன்னிரண்டின் வரிசை தாளின் நடுவில் ஓடுகின்றது. மற்றையிரண்டும் இரு கரைகளில் ஓடுகின்றன. கமராவின் சாளரம் நடுக்கோட்டில் இருந்தால், ஒற்றையெண்களை மட்டும் நிறுத்தி, 12 சென்ரிமீற்றர் நீளப் படம் ஆறு எடுக்கலாம். பதினாறின் வரிசைக்கு நேரே புதிய சாளரம் துளைத்தால், மும்மூன்று எண்ணாகத் தள்ள ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் நகர்வு கிடைக்கும். வாயிலை 135 மில்லிமீற்றராகக் குறைத்து, படங்கள் ஒன்றன்மேலொன்று ஏறாமல் ஐந்து பெறலாம். எவ்வாறாயினும், பயன்படுத்தித் தீர்ந்த பின்தாள் ஒன்றைக் கமராவினுட் சுற்றி, முதலாவது எண் தோன்றும்பொழுது எப்பகுதி வாயிலில் நிற்கின்றதென்பதைக் கண்ணாற் பார்த்து உறுதி செய்யாமல் விலைகொடுத்து வாங்கிய சுருளை இடுதல் கூடாது. வேறோர் எச்சரிக்கையும் உண்டு. இச்சாளரம் சிவப்பாயிருப்பது, அக்காலப் படச்சுருள்கள் செந்நிற ஒளியை உணராதவை என்பதனால். இக்காலச் சுருள்கள் எல்லா நிறத்தையும் உணர்வன. எனவே எண்ணைப் பார்க்குங் கணம் தவிர மற்றைப்பொழுதெல்லாம் சாளரத்தைக் கறுப்புநாடாவால் மூடியிருத்தல் வேண்டும்.

இம்மூன்று படிகளோடு கமரா வாய்திறந்துவிடும். ஆனால் அது பேசுவது என்ன? 3ஏ கமராவின் வில்லை பெரும்பாலும் 170 மில்லிமீற்றர் குவியத்தூரம் உடையது. 135 மில்லிமீற்றர் நீளப் படத்தில் அது அடக்குங் காட்சி 43 பாகை மட்டுமே. 35 மில்லிமீற்றர்ச் சுருள் இடும் சாதாரணக் கமராவின் 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 40 பாகை காட்டுகின்றது. வேறுபாடு அற்பம். படம் நீண்டிருக்கின்றது, பார்வை விரியவில்லை. மேலுங் கீழுஞ் சீவப்பட்டமையால் நீளமாய்த் தோன்றுகின்றது, அவ்வளவே. இதனை அகல்காட்சி என்பது ஒடுங்கிய சாளரத்தின் வழியே பார்ப்பதனைப் பரந்த வெளியிற் பார்ப்பது என்பதனோடொக்கும். எனினும் இதனை இகழ்ந்து ஒதுக்குவதும் தவறு. தொலைவிலுள்ள மலைத்தொடர், ஆற்றங்கரை நகரம், துறைமுகத்துக் கப்பல்வரிசை முதலியன உயரத்திற் குறுகியும் நீளத்திற் பெருகியும் கிடப்பவை. அவற்றுக்கு நீண்ட குவியத்தூரமும் நீண்ட படமும் இயல்பாகவே பொருந்தும். வானமும் தரையும் வீணே இடம்பிடிக்கமாட்டா.

பார்வையே விரியவேண்டுமெனின் வில்லையை மாற்றவேண்டும். பெருங்கமராக்களுக்கென ஜேர்மனியிற் செய்யப்பட்ட 90 மில்லிமீற்றர் அகலக்கோண வில்லைகளைப் பலர் தெரிகின்றனர். வேறொரு மடிப்புக் கமராவிலிருந்து 105 மில்லிமீற்றர் வில்லையைக் கழற்றிப் பூட்டினாற் போதாதோ எனின், போதாது. ஒவ்வொரு வில்லையும் படத்தளத்தில் ஓர் ஒளிவட்டத்தையே வீழ்த்துகின்றது. படத்தின் நான்கு மூலைகளும் அவ்வட்டத்தினுள் அடங்கவேண்டும். 56க்கு 135 மில்லிமீற்றர்ப் படத்தின் மூலைவிட்டம் பைதகரசின் தேற்றப்படி ஏறத்தாழ 146 மில்லிமீற்றர். 9 சென்ரிமீற்றர்ப் படத்துக்கென அமைந்த வில்லையின் வட்டம் அத்துணை விரியாது. இரு புறமும் இருண்டுவிடும். பெருங்கமரா வில்லையின் வட்டமோ இதனைத் தாராளமாகத் தழுவுகின்றது.

90 மில்லிமீற்றர் வில்லையில் ஓர் அழகிய கணக்கு அமைந்திருக்கின்றது. படத்தின் அரைநீளம் 67.5, குவியத்தூரம் 90, இவற்றைப் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கன்னம் 112.5. மூன்றையும் 22.5ஆல் வகுக்க வருவன 3, 4, 5. பள்ளி மாணவர் முதலிற் கற்கும் முக்கோணமே கமராவினுள் இருக்கின்றது! அரைக்கோணம் ஏறத்தாழ 37 பாகை. ஆகவே முழுக்காட்சி 74 பாகை. அக்கோணத்தின் கோசைன் ஐந்தில் நான்கு. இவ்வொரு பின்னத்திலிருந்து இரண்டு விளைவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தட்டைத்தளத்தில் விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல ஒளி கோசைனின் நான்காம் வலுப்படி குறைகின்றது. ஐந்தில் நான்கின் நான்காம் வலு 625இல் 256. அஃதாவது நடுவில் விழும் ஒளியில் நூற்றுக்கு 41 பங்கே ஓரத்தில் விழும். வில்லை செய்வோர் தம் திறத்தால் இவ்விழப்பைச் சிறிது குறைப்பர். எஞ்சியதை நடுவிற் கருமை படிந்த வடிகண்ணாடி ஒன்றால் ஈடுசெய்வோரும் உளர். இரண்டாவது, ஓரத்திலுள்ள உருண்டைப் பொருள் கோசைனின் தலைகீழ் விகிதப்படி நீண்டு தோன்றும். நான்கில் ஐந்து, அஃதாவது காற்பங்கு மிகுதி. குழுப்படத்தில் ஓரத்திலிருப்பவர் முகம் உயரத்தைவிடக் காற்பங்கு அகன்றுவிடும். சேர்க்கட் கமரா நேர்வரிசையை வளைத்து முகத்தைக் காத்தது. தட்டைத்தளக் கமரா நேர்வரிசையைக் காத்து முகத்தைக் கெடுக்கின்றது. உருண்ட உலகைத் தட்டைத் தாளில் வரையும் தேசப்படக்காரர் எதிர்ப்படும் இடரும் இதுவே. இரண்டையும் ஒருங்கே காக்கும் கமரா இல்லை, இருக்கவும் இயலாது.

குறுகிய குவியத்தூரம் அமைப்பையும் மாற்றிவிடுகின்றது. 170 மில்லிமீற்றருக்கு அமைந்த மேடையில் 90 மில்லிமீற்றர் வில்லை பாதிவழியிலேயே நிற்கவேண்டும். மேடையின் எஞ்சிய பகுதி அகன்ற காட்சியினுள் நுழைந்துவிட இடமுண்டு. துருத்தி முழுதும் விரியாது தொங்கி ஒளிக்கதிர்களை மறிக்கவுங் கூடும். ஆதலால் துணிந்தவர்கள் மேடை, துருத்தி, முகப்பு மூன்றையும் நீக்கிவிட்டு, மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன கூம்பொன்றைப் பேழைமீது பூட்டுகின்றனர். கமரா மடியாது, ஆனால் தளராது. தூரங்குறிக்கும் பொறியும் வேண்டுவதில்லை. எஃப் 22இல் 90 மில்லிமீற்றர் வில்லையை 7.4 மீற்றருக்கு நிறுத்திவிட்டால், 3.7 மீற்றரிலிருந்து அடிவானம்வரை யாவும் தெளிவாயிருக்கும். பழைய 170 மில்லிமீற்றர் வில்லையில் இதே துவாரத்திலே தெளிவு 13 மீற்றருக்கு அப்பாலேதான் தொடங்கும். காட்சியை வரையறுக்க ஒரு கம்பிச்சட்டம் போதும். படத்தின் அளவாகவே அதனை வளைத்து, கண்ணிலிருந்து 90 மில்லிமீற்றர் முன்னே நிற்குமாறு கமராவின் தலையிற் பொருத்தினால் வில்லை காண்பதைக் கண்ணுங் காணும். அதனருகில் நீர்மட்டக் குமிழி ஒன்றும் இருத்தல் நன்று. அகல்காட்சியிற் சாய்ந்த அடிவானம் சிறு பிழையாகத் தோன்றாது.

இனி ஒரு கேள்வி எழுகின்றது. நூறாண்டு பழைமையான ஒரு கருவியை வாளால் அறுப்பது முறையோ? 3ஏ போன்ற கமராக்கள் இலட்சக்கணக்கிற் செய்யப்பட்டவை, ஆதலால் அறுக்கலாம் என்பர் ஒரு சாரார். அவ்வாறு கூறிக் கூறியே பெருவழக்கான பொருள்கள் அருமையாகிவிடுகின்றன. துருத்தி கிழிந்து, வில்லை உடைந்து, பேழை மட்டும் எஞ்சிய கமராவை அறுப்பதில் இழப்பொன்றுமில்லை; அதனைத் தேடி எடுப்பதே தக்கது. முழுமையான கமராவாயின், கழற்றக்கூடிய தகடும் துண்டுகளும் மட்டும் இட்டு, பழைய சாளரத்தையே கொண்டு, 12 சென்ரிமீற்றர்ப் படத்தோடு அமைவதே அறிவுடைமை. ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளத்துக்காக ஒரு கருவியைத் துளைப்பது பேராசை.

செலவைச் சுருக்க விரும்புவோர்க்கு வேறொரு வழியுமுண்டு. 120 சுருளுக்கே அமைந்த 9 சென்ரிமீற்றர் மடிப்புக் கமராவில், கடைகளிற் கிடைக்கும் 35 மில்லிமீற்றர்ச் சுருளை இட்டால், ஓரத்துளைகளையும் உள்ளடக்கி 35க்கு 84 மில்லிமீற்றர்ப் படம் வரும். அதற்குப் பின்தாள் இல்லையாதலாற் சாளரத்தை முற்றாக அடைத்துவிட்டு, திருகின் சுற்றுகளை எண்ணியே நகர்த்தவேண்டும். ஓரத்துளைகள் 4.75 மில்லிமீற்றருக்கு ஒன்றாக உள. எனவே 19 துளை நகர்ந்தால் ஒரு படத்துக்குப் போதும். சுருள் கட்டையிற் கூடக்கூட ஒரு சுற்றில் ஏறும் நீளமுங் கூடுமென்பதை மறந்தவர் முதலிற் படங்களை நெருக்கியும் பின்னர் இடைவெளியை வீணாக்கியும் விடுவர். முடிவிற் சுருளை இருட்டறையிலேயே வெளியே எடுக்கவேண்டும்.

எம்முறையைக் கைக்கொண்டாலும் பழைய உறுப்புகளைச் சோதித்தல் இன்றியமையாதது. இருண்ட அறையில் துருத்தியினுள்ளே சிறுவிளக்கை வைத்துப் பார்த்தால், மடிப்பு மூலைகளில் ஊசித்துளைகள் விண்மீன்போல் ஒளிரும். கறுப்புத்துணியும் இறப்பர்ப் பசையும் கொண்டு அவற்றை உட்புறமாக அடைக்கலாம். 1914ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்த கொடக் கமராக்கள் பலவற்றின் பின்புறத்தில், படத்தின் பெயரைச் சுருளில் எழுதுவதற்கென ஒரு சிறு கதவுண்டு, அதனையும் அடைத்துவிடவேண்டும். துவார எண்களிலும் ஏமாறலாகாது. பழைய கொடக் வில்லைகள் பலவற்றில் உள்ளவை எஃப் எண்களல்ல. வேறொரு முறையைச் சார்ந்தவை. அம்முறையில் 4 என்பது இன்றைய எஃப் 8. 8 என்பது 11. 16 மட்டும் இரண்டிலும் ஒன்றே. 32 என்பது 22. 64 என்பது 32. 128 என்பது 45. இதனை அறியாதார் 64இல் வைத்து எஃப் 64 எனக் கணக்கிட்டு, வேண்டியதைப்போல் நான்கு மடங்கு ஒளியைப் படச்சுருளிற் கொட்டிவிடுவர். ஷட்டரின் வேகம் முதுமையாற் குன்றியிருப்பதும் வழக்கம். எனினும் நல்ல வெயிலில் 100 வேகமுடைய சுருளுக்கு எஃப் 22இல் ஐம்பதிலொரு செக்கன் போதுமாதலால், பழைய ஷட்டர்களில் உள்ள வேகங்களே இக்காலச் சுருளுக்கும் பொருந்திவிடுகின்றன.

முதற்சுருளை இயற்கைக் காட்சியிற் செலவிடாது, நீண்டதொரு செங்கற்சுவரின் முன் முக்காலியிற் கமராவை நிறுத்தி எடுத்துவிடுவது நன்று. செங்கல்வரிசை ஓரத்திற் கலங்கினாற் சுருள் தட்டையாக நிற்கவில்லை. ஒருபுறம் மட்டும் கலங்கினால் வில்லை சாய்ந்திருக்கின்றது. எங்கும் ஒருபடித்தாகக் கலங்கினால் கூம்பின் நீளத்தை மீண்டும் அளக்கவேண்டும்.